சாவி எந்த ஊர்ச் சொல்

ஒன்பது வயதில் ஓரிடத்தில் ஐந்து நிமிடம் உட்காரத் தெரியாதவள் நான். அப்படிப்பட்டவளை அப்பா ஒரு கோடை விடுமுறையில் வீட்டுக்குள் அடைத்துப்போட்டார்.

குற்றம் இதுதான். திருநெல்வேலியிலிருந்து போனில் பெரியப்பா, "சாப்ட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்பதற்கு, நாங்கள் இருந்த ஹைதராபாத்தில் பிள்ளைகள் எல்லோரும் சொல்வதுபோல "ஹவ்" என்றேன். பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றே விதி வந்தது: வீட்டுக்குள் யார் வேற்றுமொழிச் சொல் பேசினாலும் அன்று மாலை வெளியே போகக் கூடாது.

தொடர்ந்து நான்கு மாலைகள் மாட்டிக்கொண்டேன். கீழே குவார்ட்டர்ஸ் பிள்ளைகளின் கூச்சல். நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்து நடந்து அம்மாவின் உயிரை வாங்கினேன். ஐந்தாம் நாள் எரிச்சலில் அம்மாவின் போனை எடுத்து, வீட்டில் கண்ணில் பட்டதன் பெயரெல்லாம் எந்த ஊர்ச் சொல் என்று தேடினேன். வந்த விடைகளைப் பார்த்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அலுவலகம் விட்டு வந்த அப்பா கேட்டார்: "ஏட்டி, அலமாரி சாவிய எங்க வச்ச?"

"ரெண்டு தப்புப்பா. அலமாரி, சாவி ரெண்டும் போர்ச்சுகீஸ். ஜன்னலும், மேஜையும்கூட. நீங்க டெய்லி சொல்ற தயார், அது அரபி."

டெய்லி எந்த மொழி என்று யாரும் கேட்கவில்லை. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா மட்டும் நேர்மையானவர். தன் விதிப்படி அன்று மாலை வழக்கமான நடைக்குப் போகவில்லை.

மறுநாள், "ஏட்டி, அந்த... பூட்டத் திறக்கது இருக்குல்லா, அது எங்க?" என்றார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் விதி சொல்லாமல் கொள்ளாமல் போயிற்று.

அலுவலகத்தில் அவருடைய இந்தியைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பார்களாம். அதனால் பகல் முழுவதும் ஒவ்வொரு சொல்லையும் மனதுக்குள் சரிபார்த்துத்தான் பேசுவாராம். அம்மா இதைச் சொன்னபோது நான் கல்லூரி முடித்திருந்தேன். யோசிக்காமல் வாய் திறக்க அவருக்கு இருந்தது எங்கள் இரண்டு அறை வீடு ஒன்றுதான்.

அந்த வீட்டிலும் அவர் வாய் திறக்குமுன் என் முகத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். நானோ ஜெயித்துவிட்ட குஷியில், இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழே ஓடிக்கொண்டிருந்தேன்.