விளக்குக்காரியின் கடைசிப் பக்கம்

அந்தப் பதிப்பகத்தில் அவளுக்குப் பெயர் காற்புள்ளி. அதை வைத்த கணக்கர் எப்போதோ ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பெயர் மட்டும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது. முப்பத்தோரு வருடம் மெய்ப்புப் பார்த்தவள். பிறர் எழுதியதை அச்சுக்குப் போகும் முன் வரிவரியாகப் படித்து, விட்டுப்போன ஒற்றைப் போட்டு, வேண்டாத இடத்தில் முளைத்த கொம்பை ஒடித்து அனுப்புவது வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். "அந்தம்மா கையைத் தாண்டிப் போன பிழை இன்னும் பொறக்கல" என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அந்த ஒரு வாக்கியத்தைத் தின்றுதான் அவள் முப்பத்தோரு வருடம் உயிர் வாழ்ந்தாள் என்றால் அதில் பாதி உண்மை.

வீடு இரண்டாம் மாடியில் ஓர் அறையும் ஓர் அடுப்படியும். நாற்காலி இரண்டு. ஒன்றில் அவள் உட்காருவாள், மற்றதில் பழைய செய்தித்தாள்கள் உட்கார்ந்திருக்கும். அவற்றை எடுத்துக் கடையில் போட எத்தனையோ முறை நினைத்ததுண்டு. எடுத்தால் நாற்காலி காலியாகிவிடும், காலியான நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும். அதற்குச் செய்தித்தாளே தேவலை என்று விட்டுவிட்டாள்.

வேற்றூரில் ஓர் அண்ணன் உண்டு. மாதம் ஒருமுறை கூப்பிடுவார்.

"இருக்கியா?"

"இருக்கேண்ணா."

"சரி, உடம்பப் பாத்துக்க."

அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுப்பதுகூட இதைவிடச் சற்று நேரம் பிடிக்கும். விடுமுறை நாளில் காற்புள்ளி பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போவாள். அங்கே இறங்காமல் அதே வண்டியில் திரும்பி வருவாள். முன் இருக்கையில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தால் போதும், அன்றைய பொழுது போய்விடும். அவளுக்குத் தனிமை பழகிவிட்டது என்று அலுவலகத்தில் நினைத்தார்கள். பழகவில்லை. பல்வலியோடு வேலை பார்க்கிறவன் இல்லையா, அப்படித்தான்.

இப்போது மூட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழு பாகம் கொண்ட ஒரு பெருங்கதைக்கு அலுவலகத்தில் வழங்கிய பெயர் அது. எழுதியவர் கையெழுத்துப் பிரதியைத் துணியில் கட்டி மூட்டையாகத்தான் கொண்டு வருவார். ஏழு தீவு, மூன்று அரச குலம், குருட்டு இளவரசன், ஒரு கை இழந்த கடல் தளபதி, யாருக்கும் விசுவாசமில்லாத மூன்று விரல் ஒற்றன், பேசும் மலை ஒன்று. நானூறு பேருக்குக் குறையாமல் வருவார்கள், முக்கால்வாசிப் பேர் சாவார்கள். ஊரே படித்தது. கல்லூரியில் கட்டுரை வாசித்தார்கள், தேநீர்க் கடையில் சண்டை போட்டார்கள்.

அந்த நானூறு பேரில் விளக்குக்காரி மிகச் சின்னவள். மூன்றாம் பாகத்தில் வருகிறாள். போரில் தோற்று ஓடுகிற படைக்கு இருட்டில் கணவாய் வழி காட்டிவிட்டு, தன் வீட்டைத் தேடித் தனியாக மலையேறுகிறாள். ஒரு வளைவில் நிற்கிறாள். "அவள் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள்." அத்தோடு அத்தியாயம் முடிகிறது. மீதி நான்கு பாகத்தில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

வாசகர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பனியில் விறைத்துச் செத்தாள் என்றார்கள். ஏழாம் பாகத்துக் கடைசி அரசியே மாறுவேடம் போட்ட இவள்தான் என்றார்கள். ஆறாம் பாகத்தில் ஒரு பிச்சைக்காரன் கையில் வரும் விளக்கு இவளுடையதுதான் என்று ஒருவர் நாற்பது பக்கம் எழுதி நிரூபித்தார். "முடிக்காம முடிச்சாரு பாரு, அதான்யா எழுத்து" என்று பேருந்தில் ஓர் ஆள் சொன்னதைக் காற்புள்ளியே காதால் கேட்டாள். கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏனென்றால் அது முடிக்காமல் முடித்ததல்ல. அவள் தொலைத்தது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள், நுரையீரலில் நீர். அவளையும் வேலையையும் ஒன்றாகப் பார்க்க வேண்டியிருந்ததால், தட்டச்சுக்குப் போகாத அத்தியாயத்தைக் காற்புள்ளி கட்டிலருகே எடுத்துப் போனாள். கடைசிக்கு முந்தின பக்கத்தில் இருந்தபோது தாதி ஓடி வந்து கூப்பிட்டாள். மடியில் இருந்த தாள்கள் தரையில் சிதறின; யாரோ பொறுக்கி அடுக்கித் தந்ததை அப்படியே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாள். அன்று மாலை அம்மா போய்விட்டாள். பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தபோது அத்தியாயம் தட்டச்சாகி மேசையில் இருந்தது. பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்; எல்லாம் சரி. எழுதியவருக்கு ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒன்று, இரண்டு என்று புதிதாக எண் போடும் வழக்கம். அதனால் கடைசித் தாள் போனால் எண்ணிலும் தெரியாது. வாக்கியமும் முற்றுப்புள்ளியோடு நின்றிருந்தது. இப்படி முடித்ததும் நன்றாகத்தான் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

நாலு மாதம் கழித்து, அம்மாவின் மருந்துச் சீட்டுகளைக் களைந்தபோது எக்ஸ்ரே உறைக்குள் அந்தத் தாள் இருந்தது. அதற்குள் புத்தகம் கடையில். ஓடிப்போய் முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். தேளுக்குக் கையைக் கொடுத்த திருடன் போல வாயை மூடிக்கொண்டாள். மறுபதிப்பில் நைசாகச் சேர்த்துவிடலாம் என்று பார்த்தால், அதற்குள் 'விளக்குக்காரி எங்கே' என்று கட்டுக்கட்டாகக் கடிதம் வர ஆரம்பித்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவள் ஒரு தாளை எக்ஸ்ரே உறையில் இருபத்திரண்டு வருடம் மறைத்தாள்.

ஓய்வு பெற இருபது நாள் இருக்கும்போது பதிப்பாசிரியர் கூப்பிட்டார். வயதில் பாதிதான் இருப்பார், ஆனால் நாற்காலி பெரிது.

"மேடம், ஏழு பாகத்தையும் ஒரே தொகுப்பா கொண்டு வர்றோம். பின்னாடி கதைமாந்தர் பட்டியல் ஒண்ணு, வாசகர் கேள்விகள் ஒண்ணு. உங்கள விட்டா யாருக்குத் தெரியும்? எழுதின பெரியவர்கிட்ட நேர்ல போய்ப் பதில் வாங்கிட்டு வந்துடுங்க. இதுதான் உங்க கடைசி வேலை. ஜோராப் பண்ணிடுங்க."

கேள்வித்தாளை நீட்டினார். முதல் கேள்வி: விளக்குக்காரி என்ன ஆனாள்? இரண்டாவது: மூன்றாம் பாகத்துக்குப் பிறகு ஏன் ஒருவர்கூட வீடு திரும்புவதில்லை?

இரண்டாவது கேள்வியைக் காற்புள்ளி இதுவரை யோசித்ததில்லை. அன்றிரவு பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். தளபதி துறைமுகம்வரை வந்து படகிலேயே சாகிறான். குருட்டு இளவரசன் கோட்டைச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி நடக்கிறான். ஒற்றன் தன் தெருமுனையில் பிடிபடுகிறான். உண்மைதான், வீட்டுக்குக் கிளம்பியவர்கள் முப்பத்தேழு பேர், ஒருத்தர்கூடப் போய்ச் சேரவில்லை. மறுநாள் காலை எக்ஸ்ரே உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். சொல்லிவிட வேண்டும் என்று பாதி மனசு. மூன்று வாரம் வாயை மூடியிருந்தால் நல்ல பெயரோடு போய்விடலாம் என்று மீதி மனசு.

பெரியவர் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். எண்பத்து நாலு வயது. மனைவி போய் எட்டு வருடம். பார்வை மங்கி, எழுத்துக் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே நாற்காலியில் இருந்தார்; தட்டினால் எழுந்து வருவது சிரமமாம். அலமாரியில் அவருடைய ஏழு பாகமும் தலைகீழாக அடுக்கியிருந்தன. காற்புள்ளிக்குக் கை பரபரத்தது. நேராக வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

முதல் இரண்டு கேள்விகளை அவள் படித்துக் காட்டியதும் அவர் சிரித்தார்.

"ரெண்டுக்கும் ஒரே பதில்தாங்க. அவ வீட்டுக்குப் போய்ச் சேந்தா. முழுசா ஒரு பக்கம் எழுதினேன். புஸ்தகம் வந்ததும் பாத்தா அந்தப் பக்கத்தக் காணோம். உங்க ஆபீஸ்ல யாரோ வெட்டிட்டாங்க."

"நீங்க கேக்கலையாய்யா?" என்றாள் காற்புள்ளி.

"கேட்டா காரணம் சொல்லிடுவாங்களே, அந்தப் பயந்தான். ரெண்டு நாள் கோவமா இருந்துச்சு. அப்புறம் பாத்தா ஊரே அந்த முடிவப் புகழுது. வெட்டுன ஆளுக்கு என்னவிட நல்லாத் தெரிஞ்சிருக்குன்னு நினைச்சேன். வீடு போய்ச் சேர்றதெல்லாம் சின்னப் புள்ளைங்க கதைன்னு சொல்லாம சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் எழுதுறப்பல்லாம் அந்த ஆள் பக்கத்துல நிக்கிற மாதிரியே இருக்கும். யாரையாவது வீட்டுக்கு அனுப்பலாம்னு கை போனா, அந்த ஆள் சிரிக்கிற மாதிரி இருக்கும். நாலு பாகமும் அந்த ஒருத்தருக்குத்தாங்க எழுதினேன். யாருன்னு கடைசிவரைக்கும் தெரியல."

கொஞ்சம் நிறுத்தி, தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"என் வீட்டுக்காரிக்கு மட்டும் அந்தப் பக்கம் ரொம்பப் பிடிக்கும். சாகுற வரைக்கும் கேட்டுட்டிருந்தா, அத ஏன் எடுத்தாங்கன்னு. உனக்கென்ன தெரியும்னு வாயடைச்சுடுவேன்."

இதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு போவது எத்தனை சுலபம் என்று பாருங்கள். போவது என்ன, 'நான்தான் வெட்டினேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெரிய வாசகி அவளாகிவிடுவாள். ஒரு மனிதர் பல வருடங்களாக அவளை நினைத்துக்கொண்டே எழுதியிருக்கிறார். அவளை நினைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பிறகு யாரும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. ஆசையாகத்தான் இருந்தது. அந்த ஆசைக்காக அவள் பிறகு நெடுநாள் வெட்கப்பட்டாள்.

"யாரும் வெட்டலைங்கய்யா," என்றாள். "நான் தொலைச்சுட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரி, சிதறிய தாள்கள், எக்ஸ்ரே உறை, அதற்குப் பிறகு பேசாமல் இருந்தது. அழாமல் சொன்னாள். பெரியவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இருக்கா அது?"

"கொண்டாந்திருக்கேன்."

"படிங்க."

தாள் பழுத்திருந்தது. மடிப்பில் ஓர் எழுத்து அழிந்திருந்தது. காற்புள்ளி படித்தாள். விளக்குக்காரி வளைவைத் தாண்டுகிறாள். வீடு இருக்கிறது. கூரை பாதி விழுந்திருக்கிறது, புகை வருகிறது. கதவைத் தள்ளுகிறாள். அடுப்பின் முன்னால் அவள் அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மூன்று வருடம் கழித்து வந்தவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உள்ளே வந்து கதவைச் சாத்து," என்கிறாள், "குளிர் வருகிறது." விளக்குக்காரி விளக்கை ஊதி அணைக்கிறாள். அத்தோடு பக்கம் முடிகிறது.

கீழே தெருவில் யாரோ வண்டி கழுவும் சத்தம் கேட்டது.

"நல்லாத்தானே இருக்கு," என்றார் பெரியவர். அதிசயப்படுகிற மாதிரி, கொஞ்சம் பயந்த மாதிரியும் இருந்தது அந்தக் குரல். "என் வீட்டுக்காரி சொன்னது சரி. நல்லாத்தான் இருந்திருக்கு." பிறகு, "எத்தன பேர வாசலோட நிறுத்திட்டேன்" என்றார். "எத்தன பேரு?"

"முப்பத்தேழுங்கய்யா."

எண்ணி வைத்திருந்ததைச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இறங்கியிருந்த தோள் மேலும் இறங்கியது. அந்த முப்பத்தேழு பேரையும் இனி அவரால் எழுதி வீட்டுக்கு அனுப்ப முடியாது, கண் இல்லை, காலமும் இல்லை. அவள் வாழ்க்கையில் செய்த ஒரே ஒரு பிழை இத்தனை தூரம் போயிருந்தது.

"அந்தப் பக்கத்தச் சேத்துடுங்க," என்றார் கண்ணைத் திறக்காமல்.

"அடிக்குறிப்புல என்ன போடட்டும்?"

"நடந்ததப் போடுங்க."

நடந்ததைப் போட்டால் முதலாளியின் வாக்கியம் அத்தோடு போயிற்று. காற்புள்ளி தலையாட்டினாள். அது அவர் கண்ணுக்குத் தெரியாதே என்று நினைவு வந்து, "சரிங்கய்யா" என்று வாய் திறந்து சொன்னாள். தாளை அவர் கைக்கருகில் மேசையில் வைத்தாள், உறையை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டாள். வேறு என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்கலாம். இருபத்திரண்டு வருடம் கழித்துக் கேட்டால் அதுவும் ஒரு தொந்தரவு. எழுந்து வாசல்வரை வந்தாள். வெளியே மழைக்காற்று கிளம்பியிருந்தது. மாடிப்படிக்கு அந்தப் பக்கம் பேருந்து, அதற்கு அந்தப் பக்கம் செய்தித்தாள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி.

"கதவச் சாத்துங்க," என்றார் பெரியவர் உள்ளிருந்து. "காத்து வருது."

அவள் கைப்பிடியைப் பிடித்தபடி வெளிப்பக்கம் காலெடுத்து வைத்தாள்.

"அங்க நின்னு இல்லம்மா," என்றார் அவர். "எனக்குக் கோவம் போகல. போகும்னும் தோணல. ஆனா அத இன்னொரு தடவ கேக்கணும், எனக்கு எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது. உள்ள வந்து சாத்துங்க."