திருமதி மாரியாயியின் இறுவட்டு

போஞ்சிக் கொடியிலிருந்து இறுவட்டுகளை, அதான் பாட்டு சீடிகளை, அவிழ்த்ததில்தான் இந்த வேலை தொடங்கியது. குருவி விரட்ட என் மனைவி கட்டியிருந்தாள். வெயில் பட்டால் மின்னும். நூல் கோக்க நடுவில் ஓட்டையும் தயார்.

"போட்டுக் கேக்க வீட்டுல மெஷினே இல்லியேங்க. இதுங்களாவது இப்பத்தான் ஒரு வேலை செய்யுதுங்க" என்றாள். சொல்லும்போது என்னையும் ஓரக்கண்ணால் பார்த்தது போலிருந்தது.

நண்பரிடம் இறுவட்டு ஓட்டும் சிறு பெட்டியொன்றை இரவல் வாங்கி மடிக்கணினியில் மாட்டினேன். எல்லாப் பாட்டையும் கோப்பாக மாற்றிவிடுவது என்று வீட்டில் அறிவித்தாயிற்று. உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதன் முதுகில் நீல மையில் 'அம்மா' என்று எழுதியிருந்தேன். மழை பாதியைக் கழுவியிருந்தது. கீறல் வேறு.

துடைக்க ஓடிக்கொலோன் எடுத்தேன். காய்ச்சலுக்கு நெற்றியில் போடுகிற அதே குப்பிதான். மூடியைத் திறந்ததும் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், நான் வளர்ந்த லயத்து வரிசை வீட்டில் போய் நின்றேன். தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டரின் தலையையும் நாங்கள் இதைத் தொட்டுத்தான் துடைப்போம். டேப்புக்கும் மனிதருக்கும் ஒரே வைத்தியம்.

டேப் எங்களுடையதல்ல, பக்கத்து வீட்டுடையது. வாராவாரம் இரவல் வாங்கி வானொலியின் முன்னால் வைப்பேன். அப்போது நேயர் விருப்பம் கேட்டதெல்லாம் பாட்டுக்காகவா? பேருக்காக. தபாலட்டையில் லயத்துப் பேர் அத்தனையையும் நுணுக்கி எழுதி அனுப்புவோம். அறிவிப்பாளர் மூச்சுப் பிடித்து வாசித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும். பாட்டு பாதிச் சரணத்தில் அறுந்துபோகும். ஒருவரும் வருத்தப்பட்டதில்லை. டேப் சுற்றும்போது மட்டும் யாரும் இருமக்கூடாது. அந்தச் சட்டத்துக்கு அதிகாரி நான்.

ஒருநாள் வந்தே விட்டது. "தெமோதரை மேற்பிரிவிலிருந்து, திருமதி மாரியாயி அவர்கள்..."

பாட்டின் முதல் வரிமீதே அம்மா கூவினாள்: "அடியாத்தி! என்னயவாடா சொல்றான்? இன்னொருக்கா சொல்லச் சொல்லுடா!"

பதிவைக் கெடுத்துவிட்டாளே என்று நான் முறைத்தேன். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் கொழுந்துக்காரர்களுக்கு வேலை பிரிக்கும்போது கங்காணி விட்டாரா? "திருமதி மாரியாயி அவர்களே, தாங்கள் மேல்மலைக்குப் போறீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும்தான். ஆனால் அன்றிலிருந்து 'ஏ மாரியாயி' என்று கூப்பிட்டவர்களுக்கு அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கங்காணியே கடைசியில் களைத்துப்போய் 'திருமதி' என்று கூப்பிடத் தொடங்கினார். பிறகு அதில் கேலி எங்கே போனதென்று தெரியவில்லை.

எனக்குப் பதுளையில் வாத்தியார் வேலை கிடைத்து, அம்மாவும் கண்ணை மூடிய பிறகு, கேசட்டுகள் சவ்வாக இழுக்கத் தொடங்கின. பஜாரில் பாட்டுக்கடை வைத்திருந்த, எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனிடம், இறுவட்டாக மாற்றித் தரும்படி அந்தக் கேசட்டைக் கொடுத்தேன்.

"சேர், பேச்செல்லாம் வெட்டி நீட்டாக்கிட்டேன்" என்று பெருமையோடு நீட்டினார். "நடுவுல ஒரு பொம்பள சத்தம் போட்டுக்கொண்டு ஈந்திச்சி. அதயும் எடுத்துட்டேன்."

"அது எங்கம்மா, நானா."

நானா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பாட்டை வேணும்னா வெட்டுங்க. எனக்குப் பேச்சுதான் வேணும்."

நல்லவேளையாகக் கேசட் அவர் மேசையிலேயே கிடந்தது. மறுபடி பதிந்து, சரிபார்க்கக் கடைவாசல் ஸ்பீக்கரில் போட்டார். லுணுகலை பஸ்ஸுக்கு நின்ற கூட்டமே அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. தேய்ந்த கேசட் அந்தப் பதிவோடு அறுந்தது. அம்மாவின் குரல் என்று உலகத்தில் மிஞ்சியது இந்தத் தட்டுதான். அதைத்தான் குருவிகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தோம்.

துடைத்த தட்டைப் போட்டதும் இரவல் பெட்டி கர்ரென்று சுற்றியது, நின்றது, யோசித்தது. நான் மூச்சு விடவில்லை. பழைய சட்டம். இரண்டு பாட்டுகள் செத்தேபோயிருந்தன. மூன்றாவதில் அறிவிப்பாளர் வந்தார். இரைச்சலை நீக்கவா என்று கணினி கேட்டது. நானாவின் அதே நல்ல மனசு! வேண்டாம் என்றேன். "அடியாத்தி!" என்றது அறை.

மண் கையோடு வாசலில் நின்ற மனைவி, மாமியாரைப் பார்த்ததேயில்லை. "அத்தை கொரலா இது? ஒங்களமாதிரியே கத்துறாங்க" என்றவள், கையைச் சேலையில் துடைத்தபடி, "இன்னொருக்கா போடுங்க" என்றாள்.

நானாவின் கடையில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள். வானொலிக்குத் தபாலட்டை போடுகிறவர் யார்? லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவை இடித்துவிட்டார்கள். கங்காணியும் இல்லை, அந்த மலையில் யாரையும் யாரும் திருமதி என்று கூப்பிடுவதாகத் தெரியவில்லை.

'பாடியவர்: தெரியவில்லை' என்று கணினி தானாகவே எழுதி வைத்திருந்தது. அழித்துவிட்டு, 'திருமதி மாரியாயி' என்று அடித்தேன். பக்கத்தில் 'அவர்கள்' சேர்த்த பிறகுதான் சேமித்தேன்.