கிஃப்ட் என்றால் விஷம்

சித்தி என்னுடையவள். இதில் யாருக்கும் சந்தேகம் வர நான் விட்டதில்லை. தாயில்லாத தங்கையை அம்மாதான் தூக்கி வளர்த்தாள் என்று சொல்வார்கள். வளர்த்திருக்கட்டும். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை ஜன்னல் சீட்டை எனக்கே விட்டுக்கொடுத்து, நான் சொல்லும் கதைக்கெல்லாம் கண்ணில் நீர் வரச் சிரித்தது அம்மாவிடமா, என்னிடமா?

அந்தச் சிரிப்பில் பங்கு கேட்க வந்தார், ஸ்வீடனில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை. நிச்சயதார்த்தத்துக்குத் தொட்டியத்திலிருந்து வேன் நிறைய உறவோடு வந்து இறங்கியவர், பளபளவென்று ஒரு சாக்லேட் டப்பாவை என்னிடம் நீட்டினார். "கிஃப்ட், உனக்குத்தான்."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். டப்பா கூடத்திலிருந்த பெரியவர்களிடம் போனது. மாப்பிள்ளை சித்தி பக்கம் திரும்பினார்.

"இந்த கிஃப்ட் இருக்கே, ஜெர்மன்ல அதுக்கு விஷம்னு அர்த்தம். ஸ்வீடிஷ்ல விஷமும் அதுதான், கல்யாணம் ஆனவங்களும் அதுதான். எல்லாத்துக்கும் வேர் ஒண்ணுதான், கொடுக்கிறது. இங்கிலீஷ்காரன் பொருளைக் கொடுத்தான், ஜெர்மன்காரன் விஷத்தைக் கொடுத்தான், ஸ்வீடன்காரன் பொண்ணைக் கொடுத்தான்!"

சித்தி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என் சிரிப்பு, அப்படியே!

நேரே கூடத்துக்குப் போனேன். மாப்பிள்ளையின் பெரியப்பா அப்போதுதான் ஒரு சாக்லேட்டை வாயில் போட்டிருந்தார்.

"தாத்தா, அது விஷம். மாப்பிள்ளையே சொன்னாரு."

அவர் மேல்துண்டில் துப்பினார். கூடமே எழுந்து நின்றது. மாப்பிள்ளை ஓடி வந்து மூன்று தேசத்து அர்த்தத்தையும் மறுபடி விளக்க வேண்டியதாயிற்று. சித்தி என் காதைத் திருகினாள். "மானத்தை வாங்காதடி!" முதல் முறையாக என்னைத் திட்டினாள், அதுவும் அவருக்காக.

கல்யாணம் முடிந்து சித்தி விமானம் ஏறினாள். நாங்கள் வீடு திரும்பியபோது எதிர் வீட்டு அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணை அவ்வளவு தூரத்துலயா குடுத்தீங்க?"

"நல்ல இடம்ங்க. குடுத்தாச்சு" என்றாள் அம்மா.

உள்ளே வந்ததும் அப்பா, டப்பாவில் மிஞ்சிய சாக்லேட் ஒன்றைப் பிரித்து அம்மாவிடம் கொடுத்தார். வாய்வரை கொண்டுபோன அம்மா, அதைத் திரும்பவும் தாளில் சுற்றி வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். குழாய் வெகுநேரம் திறந்தே இருந்தது.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். என் பேச்சை நம்பி விஷத்துக்குப் பயந்தவள், இந்த வீட்டில் அம்மா ஒருத்தியாவது இருக்கிறாளே!