பிலோமினா மிஸ்ஸியும் கரைவலைக் கயிறும்

பிலோமினா மிஸ்ஸியின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி பங்குச் சபையினர் கேட்டார்கள். என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவர்கள் விடவில்லை. ஒழுங்கில்லாமல் எழுத எனக்கு வராது. ஆகவே சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. செய்தி வந்த விதம்.
2. மிஸ்ஸி ஓய்வுபெற்ற பிறகு எங்கள் ஊர்ப் பெண்களிடையே தொடங்கிய வேலை.
3. என் மனைவி செலினின் வருத்தத்தை, அதாவது நோயை, அவர் மாற்றியது.
4. நான் அவருக்குச் செய்த பிழை.
5. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது.

அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நான் மேசைக்கு முன்னால் இருந்து என் ஒரு வாரக் குளிசைகளைக் கிழமைப் பெட்டிக்குள் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க மருந்தகங்களில் மருந்து கொடுத்தவன் என்பதால் இந்த வேலையை நான் அவசரப்பட்டுச் செய்வதில்லை. தொலைபேசி அடித்தது. அடம்பனிலிருந்து மிஸ்ஸியின் மகள். கடைசி நான்கு வருடம் மிஸ்ஸி அந்த மகளோடுதான் இருந்தார்.

"மாமா, அம்மா போட்டா. விடியக்காலமை. நித்திரையிலை."

"ஓம்" என்றேன்.

"மாமி நிக்கிறாவோ?"

"கிணத்தடியிலை நிக்கிறா. சொல்லுறன்."

தொலைபேசியை வைத்த பிறகு பார்த்தேன். வெள்ளியும் சனியும் இன்னும் நிரப்பப்படாமல் இருந்தன. அவற்றை நிரப்பி, மூடியை அமர்த்திவிட்டுத்தான் கிணற்றடிக்குப் போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியாது. செலின் வாளியைக் கீழே வைத்தாள். பிறகு, "எப்ப எடுக்கினம்?" என்று கேட்டாள்.

"கேக்கேல்லை."

"கேட்டிருக்கலாம்."

அடக்கத்தின்போதும் எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு பல்முரசு விறைத்துக் கிடப்பதுபோல ஒரு மாதமாக இருக்கிறது. தொட்டால் தெரிகிறது, நோகவில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலர் சவக்காலையில் அழுதீர்கள். நான் உங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மிஸ்ஸி தோட்டவெளியில் பிறந்தவர். எங்கள் பகுதியில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் மருத்துவமாதுவாக வேலை செய்தார். இந்த ஊரில் இன்று இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினரில் பாதிப் பேரின் தொப்புள்கொடியை அவர்தான் வெட்டினார். போர் முடிந்து கரை திறக்கப்பட்ட இரண்டாம் வருடம் அவர் ஓய்வுபெற்றார். அடுத்த மாதமே ஒரு தராசையும் பிறஷர் பார்க்கும் கருவியையும் கொண்டுவந்து, ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்கு மண்டப விறாந்தையில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துவிட்டார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களை மட்டும் வரச் சொன்னார். ஏன் அவர்களை மட்டும் என்று நான் கேட்டேன். அவர் சொன்ன பதிலை அன்றே என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தேன்.

"ஒருத்தி பிள்ளை பெறுமட்டும் மாதம் மாதம் கிளினிக்குக்குக் கூப்பிட்டு நிறுக்கிறம், டிஸ்பென்சர் ஐயா. பெத்து முடிஞ்சாப் பிறகு அவளை நிறுக்கிறதுக்கு இந்த நாட்டிலை ஒரு தராசும் இல்லை. நானும் அப்பிடித்தான் விட்டனான்."

வந்தவர்களுக்கு முழங்கால் நோவு, பிறஷர், சீனி, இடுப்புப் பிடிப்பு. தங்களை ஏசப்போகிறார் என்று பயந்துதான் வந்தார்கள். மிஸ்ஸி ஏசவில்லை. "சோத்தைக் குறையுங்கோ எண்டு சொல்ல ஆக்கள் இருக்கினம். நான் அதுக்கு வரேல்லை. நாளைக்குக் காலமை கடற்கரைக்கு வாங்கோ. இடுப்பளவு தண்ணிக்கை நடப்பம். தண்ணி உங்கட பாரத்தைத் தூக்கும், முழங்காலுக்கு நோகாது" என்றார்.

எங்கள் ஊரில் பெண்கள் மீன் வெட்டுவார்கள், காயவைப்பார்கள், விற்பார்கள். ஆனால் பெரியபிள்ளையான பிறகு கடலுக்குள் இறங்குவதில்லை. அது சட்டமில்லை, ஆனாலும் நடப்பதில்லை.

"இந்த வயசிலை கடலுக்கையோ மிஸ்ஸி? சனம் சிரிக்கும்" என்றார் ஒருவர்.

"சிரிக்கட்டும். சிரிச்சால் பிறஷர் குறையும். சனத்துக்கும் நல்லது."

முதலில் பத்துப் பேர் போனார்கள். நீர் நடை முடிந்ததும் மணலில் இருந்து அவித்த கடலையோ கௌபியோ சாப்பிடுவார்கள். வீட்டுக்குப் போகுமுன் மிஸ்ஸி எல்லோருக்கும் ஒரே வேலையைக் கொடுப்பார். "இண்டைக்கு ஒருத்தரும் உங்களிட்டைக் கேளாத வேலை ஒண்டைச் செய்யுங்கோ. சமையல் கணக்கில்லை. செபமும் கணக்கில்லை, அதைப் பங்குச் சுவாமி கேட்டிட்டார்." ஒருவர் மகனின் கொப்பியில் கப்பல் வரைந்தார். கரைவலைச் சொந்தக்காரரான சந்தியோகுச் சம்மாட்டியின் மனைவி பெர்னதெத்து கழித்துப்போட்ட வலைத் துண்டுகளைச் சாயத்தில் தோய்த்து யன்னலுக்குச் சீலை செய்தார். அந்த யன்னலை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

செலினுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. பிள்ளைகள் இருவரும் கல்யாணம் முடித்துப் போய்விட்டார்கள். அவளுக்கு நித்திரை இல்லை. திடீரென்று உடம்பு கொதிக்கிறது என்று மேசைவிசிறியை முகத்துக்கு நேரே வைத்துக்கொள்வாள். கறி கருகினால் அழுவாள், கருகாவிட்டாலும் அழுவாள். நான் அவளை வைத்தியரிடம் கூட்டிப்போய் நித்திரைக்குக் குளிசை எழுதுவித்தேன். அதை நேரம் தவறாமல் கொடுத்தேன். என்னால் இயன்றதைச் செய்வதாகவே நினைத்தேன்.

மிஸ்ஸி ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாடி பார்க்கவில்லை. தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு செலினுக்கு எதிரே இருந்து, "செலின், உமக்கு என்ன செய்ய ஆசை?" என்று கேட்டார். செலின் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"அவவுக்கு ஓய்வுதான் வேணும்" என்றேன்.

"ஐயா, நான் உங்களிட்டைக் கேக்கேல்லை."

அடுத்த நாள் செலின் பதினோராவது ஆளாகக் கடற்கரைக்குப் போனாள். சில வாரங்களில் எங்கள் சுவர்க் கலண்டரில் ஒரு மாற்றத்தைக் கண்டேன். ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் அன்று காலை கடல் இருந்த நிறத்தைப் பூசியிருந்தாள். யன்னலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற், சலவை நீலம், மஞ்சள், அடுப்புக்கரி எல்லாவற்றையும் குழைத்து. நான் மருந்து எடுக்கவேண்டிய நாட்களைக் குறித்துவைப்பதும் அதே கலண்டரில்தான். குறிப்புகள் நிறத்துக்குள் மறைந்துவிட்டன. இது ஏதாவது குணங்குறியாக இருக்குமோ என்று பயந்து கலண்டரைக் கழற்றி, கடதாசியில் சுற்றி, மிஸ்ஸியிடம் கொண்டுபோனேன். அவர் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். ஓர் இடத்தில் நிறுத்தி, "இந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கு, சாம்பல் மாதிரித்தான் கிடந்தது" என்றார். பிறகு சுற்றித் திருப்பித் தந்து, "இதுக்கு என்ன மருந்து குடுக்கப்போறியள்?" என்று கேட்டார். நான் மருந்துக் குறிப்புக்கு வேறொரு கலண்டர் வாங்கினேன்.

இனி நாலாவது. இதை எழுதத்தான் இந்தக் கட்டுரைக்கு ஒத்துக்கொண்டேன் என்று இப்போது தெரிகிறது.

பெண்கள் நடந்த அமைதியான தண்ணீர் கரைவலை இழுக்கும் இடத்துக்கு அப்பால் இருந்தது. வலை கடலில் கிடக்கும்போது அதன் கயிறு கரைவரை நீண்டு கிடக்கும். அந்தக் கயிற்றைப் பெண்கள் தாண்டினால் வலைக்கு மீன் வராது என்பது எங்கள் கரையின் வழக்கம். சில வாரம் மீன்பாடு மோசமாக இருந்தது. சந்தியோகுச் சம்மாட்டி இரண்டு பேரோடு என் வீட்டுக்கு வந்தார். பங்குச் சுவாமிக்கு ஒரு கடிதம் வேண்டும், நீங்கள்தான் வடிவாக எழுதுவீர்கள் என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒருபோதும் வந்ததில்லை. ஆனால் மாதவிலக்கைக் குறிக்கும் துடக்கு என்ற சொல்லைச் சுவாமிக்கு எழுதவும் கூச்சமாக இருந்தது. ஆகவே இப்படி எழுதினேன்: "மேற்படி பெண்கள் நடுவயதுக்குரிய உடற் பலவீனத்துக்கு உட்பட்டவர்கள். அவர்களது உடல்நலனைக் கருத்திற்கொண்டு, கடலில் இறங்குவதைத் தவிர்த்து ஓய்வெடுப்பதே உகந்தது." கீழே சம்மாட்டிமார் கையெழுத்து வைத்தார்கள். நான் வைக்கவில்லை.

சம்மாட்டிமார் கேட்டது வலைக்காக. உடல்நலனை அதற்குள் கொண்டுவந்தவன் நான். சுவாமி அந்தக் கடிதத்தைப் பூசை முடிவில் வாசித்தார். வழக்கத்தைக் காட்டித் தடுக்கச் சொல்லியிருந்தால் அவர் யோசித்திருப்பார். நோய் என்றதும் நம்பிவிட்டார். அந்தச் சோளகக் காற்றுக் காலம் முழுவதும் பெண்கள் போகவில்லை. பெர்னதெத்துவின் முழங்கால் திரும்பவும் வீங்கியது. செலின் விசிறியைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவந்தாள்.

சோளகம் அடங்கிய ஒரு காலை நான் மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தேன். வலை கடலில் கிடந்தது. ஆட்கள் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். மிஸ்ஸி பதினொரு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார். கரையில் ஏற்றிவைத்திருந்த ஒரு வள்ளத்துக்குப் பின்னால் நான் ஒதுங்கினேன்.

"சுவாமி வாசிச்சது கேக்கேல்லையோ மிஸ்ஸி?" என்றார் சந்தியோகு.

"கேட்டது. உடம்பைப் பற்றி எனக்குத் தெரியும். நீங்கள் உங்கட நியாயத்தைச் சொல்லுங்கோ சம்மாட்டி."

"தெரியாததே. பொம்பிளையள் கயிறு தாண்டுறேல்லை."

"எந்தப் பொம்பிளையள்?"

சம்மாட்டி மணலைப் பார்த்தார். கயிற்றில் நின்ற ஒருவர் பின்னாலிருந்து, "துடக்குள்ள பொம்பிளையள்" என்றார். சிலர் சிரித்தார்கள்.

"சரி. இஞ்ச நிக்கிற ஒருத்திக்கும் இப்ப அது இல்லை. எல்லாருக்கும் நிண்டு போச்சு. மருத்துவமாது நான் சொல்லுறன். எழுதித் தரவோ?"

"எழுதினால் ஆர் வாசிக்கிறது?" என்றார் சந்தியோகு.

"அதுக்கென்ன. வடிவா எழுதவும் வாசிக்கவும் ஊரிலை ஆக்கள் இருக்கினம்தானே."

மிஸ்ஸி வள்ளத்தின் பக்கம் திரும்பவில்லை. பெர்னதெத்து சட்டையின் கீழ்விளிம்பைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு முதலாவதாகக் கயிற்றைத் தாண்டினார்.

"நீயுமோ?" என்றார் சம்மாட்டி.

"ஏன், உங்களுக்கு மறந்து போச்சோ?"

அன்று கயிறு இழுத்தவர்கள் சிரித்த சிரிப்பில் வலை கொஞ்ச நேரம் நின்றது. மற்றவர்களும் தாண்டினார்கள். செலின் ஏழாவதாகத் தாண்டினாள். அன்று மீன் அள்ளுப்பட்டது என்று சிலர் சொல்வார்கள், ஒன்றும் படவில்லை என்று வேறு சிலர். நான் விசாரித்தேன். வழக்கமான பாடுதான். அதன் பிறகு யாரும் அவர்களை மறிக்கவில்லை.

அந்தக் கடிதத்தைப் பற்றி மிஸ்ஸி என்னிடம் ஒருபோதும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அடம்பனுக்குப் போகுமட்டும் எட்டு வருடம் எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தார். போன வருடம் அடம்பனுக்குப் பார்க்கப் போனேன். சொல்லவேண்டியதை ஒரு தாளில் எழுதி மடித்துச் சேட்டுப் பையில் வைத்திருந்தேன். மழை பற்றியும் அங்குள்ள வயல் பற்றியும் கதைத்துவிட்டு, பின்னேர பஸ்ஸில் தாளோடு திரும்பி வந்தேன். இப்போது சொல்கிறேன். கேட்கவேண்டியவர் இல்லாத இடத்தில் சொல்வது எனக்குச் சுகமாகத்தான் இருக்கிறது, அதற்காகவும் வெட்கப்படுகிறேன்.

ஐந்தாவது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு கேள்வி. உமக்கு என்ன செய்ய ஆசை? அதை அவர் பதினொரு பேரிடமும் கேட்டிருக்கிறார். பதில் வரும்வரை இருந்திருக்கிறார். நான் அதை வைத்திருக்கிறேனே தவிர, எவரிடமும் கேட்டதில்லை.

இதுவரை எழுதிவிட்டு, அச்சுக்குக் கொடுக்குமுன் செலினுக்கு வாசித்துக் காட்டினேன். கடிதத்தைப் பற்றி அவள் மற்றவர்களுக்கு முன் அறியவேண்டும் என்று நினைத்தேன். தாளை மேசையில் வைத்து வாசித்தேன்.

"இதையே இவ்வளவு நாளும் ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?" என்றாள். "சுவாமி வாசிக்கேக்கையே எனக்குத் தெரியும். 'கருத்திற்கொண்டு' எண்டு இந்த ஊரிலை வேறை ஆர் எழுதுறது? மிஸ்ஸிக்கும் தெரியும். தாண்டின அண்டைக்கு நாங்கள் தண்ணிக்கை நிண்டு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சனாங்கள். எல்லாருக்கும் நிண்டு போச்செண்டு மிஸ்ஸி சொன்னதும் பொய். எனக்கு நிக்கேல்லை."

"அப்ப இந்தப் பகுதியை எடுத்துவிடவோ?"

"கிடக்கட்டும். மூண்டாவதை ஒருக்கா வாசியுங்கோ."

வாசித்தேன்.

"என்ன வருத்தம்?"

"நித்திரை இல்லை. அழுதுகொண்டிருந்தனீ."

"ஓம். பிள்ளையளும் போட்டுதுகள். உடம்பும் மாறிச்சுது. இனி என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நிண்டனான். ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்கள் குளிசை தந்தனீங்கள். அவ கேட்டா. அவ்வளவுதான். அவ மாத்துறதுக்கு எனக்கு என்ன வருத்தம் இருந்தது?"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அந்தக் கடிதத்தில் பதினொரு பெண்களை நோயாளிகள் என்று எழுதினேன். அதற்கு மன்னிப்புக் கேட்க எழுதிய இந்தக் கட்டுரையிலும் அவர்களில் ஒருவரைத் திரும்பவும் அப்படியே எழுதியிருக்கிறேன். திருத்தி எழுதினால் நான் எழுதியது மறைந்துவிடும். ஆகவே வெட்டாமல் விட்டிருக்கிறேன். மேலே மூன்றாவதாகச் சொன்னது பிழை. செலினுக்கு வருத்தம் எதுவும் இருக்கவில்லை.