சூரியனுக்கு ரிஜெக்ட் முத்திரை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பேரிங் வளையம் செய்கிற கம்பெனி ஒன்றில் ஆதிநாராயணன் என்று ஒருவர் இருந்தார். அவர் வேலை பழுது பார்ப்பது. சரிசெய்கிற பழுதுபார்ப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பழுது இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான் அவர் பாடு. கண்ணில் ஒரு லென்சை இடுக்கிக்கொண்டு வளையத்தைத் தூக்கிப் பிடிப்பார். கீறலோ புள்ளியோ தெரிந்தால் சிவப்பு பெயிண்டில் ஒரு பொட்டு வைப்பார். அவ்வளவுதான், அது பழைய இரும்புக்குப் போயிற்று. இருபத்தைந்து வருஷம் இதே பிழைப்பு. கம்பெனியில் ஆதிநாராயணன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ‘ரிஜெக்ட்’ என்று கேட்டால் வாட்ச்மேனே கூட்டிக்கொண்டு போய் விடுவான். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஏதோ பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த வியாதி கம்பெனி கேட்டோடு நின்றிருந்தால் நான் ஏன் சொல்லப் போகிறேன்? மீஞ்சூரில் ரயில் பாதையை ஒட்டி அவர் வீடு. அங்கேயும் லென்ஸ் இல்லாத குறைதான். மகள் ஈஸ்வரிக்கு வந்த மாப்பிள்ளைகளில் ஆறு பேருக்குச் சிவப்புப் பொட்டு வைத்து அனுப்பியாயிற்று. ஒருத்தனுக்கு ஒரு காது கொஞ்சம் தாழ்ந்திருந்தது. ஒருத்தன் பஜ்ஜியை நடுவிலிருந்து கடித்தான். செவ்வாப்பேட்டைப் பையன் எதைக் கேட்டாலும் ‘பரவால்ல’ என்றான். இவனுக்கு நாளைக்கு வேலை போனாலும் பரவாயில்லை என்பான் என்று அவனும் போனான்.

ஈஸ்வரிக்கு வயது இருபத்தாறு. கும்மிடிப்பூண்டியில் ஒரு லாரி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. அப்பாவை நம்பினால் தலை நரைத்துவிடும் என்று புரிந்துகொண்டு, தினமும் போகிற ரயிலிலேயே தனக்கு ஒருத்தனைப் பார்த்து வைத்துவிட்டாள். பெயர் குணா. பொன்னேரியில் ஏறுகிறவன், கிரேன் கம்பெனியில் ஃபிட்டர். ஆதிநாராயணன் அவனை மூன்று தரம் வீட்டுக்கு வரவழைத்துத் துருவித் துருவிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. பழுது தெரியவில்லை என்றால் ரொம்ப ஆழத்தில் இருக்கிறது என்று அர்த்தமாம்.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்த டெலஸ்கோப் வந்து சேர்ந்தது. 2008 ஜூனில் கம்பெனி ஆண்டு விழா. இருபத்தைந்து வருஷம் முடித்தவர்களுக்கு வழக்கமாகக் குக்கர் கொடுப்பார்கள். அந்த வருஷம் வந்த புது மேனேஜருக்கு வானத்தின் மேல் பைத்தியம். ‘உங்கள் கண்ணுக்கு ஏற்ற பரிசு’ என்று ஒரு நீளப் பெட்டியை நீட்டிவிட்டார். சூரியனைப் பார்க்கிற, கற்றுக்குட்டிகளுக்கான சின்ன டெலஸ்கோப். வீட்டில் ஆதிநாராயணனின் மனைவி குப்பம்மாள் பெட்டியைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“இதுல சோறு ஆக்க முடியுமா?”

“முடியாது.”

“அப்ப பரண்ல போடு.”

பரணுக்குப் போயிருக்கும். ஆனால் கூடவே ஒரு சிறு புத்தகம் இருந்தது. அதில் சூரியன் படம். படத்தில் அங்கங்கே கறுப்புப் புள்ளிகள். ஆதிநாராயணனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

“பார்த்தியா ஈஸ்வரி! சூரியனுக்கே பழுது கீது. உன் குணாவுக்கு இல்லாம பூடுமா?”

ஈஸ்வரி அன்றைக்குத்தான் ஏழாவது தரம் அழுது முடித்திருந்தாள். “சரி நைனா. படத்துல வாணாம். ஆவணி முடியறதுக்குள்ள, நெசமான சூரியன்ல ஒரு புள்ளி காட்டு. காட்டிட்டீன்னா குணாவ மறந்துடறேன், நீ கை காட்றவனுக்குக் கழுத்த நீட்றேன். காட்ட முடியலன்னா குணாதான். அப்புறம் நீ வாயத் தொறக்கக் கூடாது.”

“டன்,” என்றார் இவர். புத்தகத்தில் போட்டிருக்கும்போது வானத்தில் இல்லாமலா போகும்?

முதல் ஞாயிறே கோளாறு. கண் வைக்கிற பக்கம் திருகுவதற்கு ஒரு கறுப்புக் கண்ணாடி பெட்டியிலேயே கொடுத்திருந்தார்கள், ஐம்பது காசு அகலம். அதைச் செய்தவனைத்தான் முதலில் ரிஜெக்ட் செய்திருக்க வேண்டும். வெயிலை முழுசாக உள்ளே விட்டு, குவித்து, கடைசியில் கண்ணுக்கு முன்னால் ஒரு பொடிக் கண்ணாடியால் தடுப்பதாம். இவர் மோர் குடிக்கத் தலையைத் திருப்பிய நேரத்தில் அது டக்கென்று வெடித்தது. குப்பம்மாள் தயவில் கண் தப்பியது என்று சொல்ல வேண்டும், மோர் கொண்டு வந்தது அவள்தான்.

வேறு ஆளாயிருந்தால் கும்பிடு போட்டிருப்பான். இவர் மறுநாளே சென்னைக்குப் போய், பிராட்வேயில் பாக்கியநாதன் என்பவர் நடத்துகிற பழைய விஞ்ஞானச் சாமான் கடையைக் கண்டுபிடித்து, சூரியனுக்கென்றே இருக்கிற வெள்ளித்தாள் வாங்கி வந்தார். பால் பவுடர் டப்பா மூடியை நடுவில் வெட்டி, அதில் தாளை ஒட்டி, குழாயின் முன்வாயில் மாட்டினார். வெயில் இப்போது வாசலிலேயே தடுக்கப்பட்டது. சூரியன் வெள்ளையாக, வட்டமாக, அமைதியாகத் தெரிந்தது. புள்ளிதான் இல்லை.

குப்பம்மாளும் பார்த்தாள். “இட்லி மாதிரி கீது. இதுக்கு ஊட்ல இட்லியவே பார்க்கலாமே.”

டெலஸ்கோப் ஆடுகிறது, அதனால்தான் தெரியவில்லை என்று முடிவு கட்டினார். ஆடாமல் என்ன செய்யும்? அதன் மூன்று கால்களும் கொக்குக் கால், மேலே ஆடிக் காற்று, கீழே கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி போனால் வீடே அதிரும். லேத் பட்டறை வைத்திருக்கிற நண்பர் துளசிராமனிடம் சொல்லி, இரும்புக் குழாயில் ஸ்டாண்டு அடித்து, உள்ளே மணல் ரொப்பிக்கொண்டு வந்தார். மாடிக்கு ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. இப்போது சூரியன் அசையாமல் நின்றது. அசையாத இட்லி.

அடுத்து, சுற்றுவட்டார வெளிச்சம் கண்ணில் விழுந்தால் மங்கலான புள்ளி தெரியாது, தலையில் கறுப்புத் துணி போர்த்திக்கொள்ளுங்கள் என்று புத்தகம் சொன்னது. வீட்டில் கறுப்பு என்றால் குப்பம்மாளின் உள்பாவாடைதான். அதைத் தலைவழியாகப் போட்டு, நாடாவைக் குழாயோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு நின்றார். அடுத்த வீட்டுச் செண்பகம் தினமும் காலையில் மாடியில் நின்று சூரிய பகவானுக்குத் தண்ணீர் விடுகிறவள். அன்றைக்குச் சொம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“குப்பம்மா, உங்க மாடில ஒரு பாவாட தனியா நின்னுக்கினு கீதுடீ!”

“அது பாவாட இல்ல, என் ஊட்டுக்காரு,” என்று குப்பம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். மானம் தெருவிலிருந்து மார்க்கெட் வரைக்கும் போயிற்று. ஆள் அசரவில்லை.

ஆவணியும் பிறந்துவிட்டது. கண் வைக்கிற லென்ஸ்தான் மட்டம் என்று மறுபடியும் பிராட்வேக்குப் போனார். பாக்கியநாதன் ஒரு பழைய மைக்ராஸ்கோப்பின் கண்லென்சை எடுத்துக் கொடுத்துவிட்டு, மனசு கேட்காமல் சொன்னார்.

“சார், உங்க டெலஸ்கோப்புல ஒண்ணும் கோளாறு இல்ல. பதினோரு வருசத்துக்கு ஒரு தபா சூரியன் இப்டி சுத்தமா ஆயிடும். இப்ப அந்த டைம். வாரக்கணக்குல ஒரு புள்ளி கூட வராது. ரெண்டு வருசம் கழிச்சி பாருங்க, சும்மா அள்ளிக்கும்.”

சரக்கு விற்கத் தெரியாத ஆள் என்று கடைக்காரருக்கும் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டு ரயிலேறினார். ஆனால் அந்தப் பேச்சு மண்டையைக் குடைந்தது. வீட்டில் வாய் திறக்கவில்லை. சொன்னால் தோற்றதாகிவிடும், மகள் போய்விடுவாள்.

லென்ஸ் ஒரு மில்லிக்கு மேல் சின்னது, ஓட்டையில் லொடலொடவென்று ஆடியது. துளசிராமன் ஒரு பித்தளை வளையம் கடைந்து கொடுத்தார். அது சற்றே இறுக்கம்.

ஆவணியின் கடைசி ஞாயிறு வந்தது. தீர்ப்பு நாள் என்பதால் குணாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவன் மாமனார் வீட்டு மரியாதைக்கு ஷூவெல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஆதிநாராயணன் காலையிலேயே மாடிக்குப் போய், பித்தளை வளையத்தை எமரித் தாளால் தேய்த்துத் தேய்த்து உள்ளே தள்ளினார். பாவாடைக்குள் தலையை விட்டார்.

இருந்தது! சூரியனின் வலப்பக்கம், கன்னங்கரேலென்று ஒரு புள்ளி!

“ஏய்! எல்லாரும் வாங்கடி!” என்று அவர் போட்ட சத்தத்தில் செண்பகம் வீட்டுக் காக்கா பறந்தது.

குப்பம்மாள் பார்த்தாள். “ஆமாய்யா, என்னமோ கீது,” என்று முணுமுணுத்துவிட்டு ஒதுங்கினாள். ஈஸ்வரி பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பாவாடையை விட்டு வெளியே வந்தபோது முகம் செத்திருந்தது. கடைசியில் குணா உள்ளே போனான். அவனும் நிறைய நேரம் எடுத்துக்கொண்டான்.

“இருக்குது சார்,” என்றான் வெளியே வந்து.

“சொன்ன சொல்லு சொன்னதுதான் நைனா,” என்று ஈஸ்வரி இறங்கிப் போனாள். குப்பம்மாள் பின்னாலேயே போனாள். குணாவும் கும்பிட்டுவிட்டு இறங்கினான். ஆதிநாராயணன் ஜெயித்துவிட்டார். ஜெயித்த முகத்தோடு இன்னொரு தரம் பார்க்கலாம் என்று தலையை உள்ளே விட்டார்.

கை தானாகப் போனது. இருபத்தைந்து வருஷப் பழக்கம். கம்பெனியில் பேரிங் வளையத்தில் புள்ளி தெரிந்தால், பொட்டு வைக்கும் முன்பு கால் சுற்று சுற்றிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். புள்ளி வளையத்தோடு போனால் வளையத்தின் பழுது. போகாமல் நின்றால் லென்சில் அழுக்கு. சூரியனைச் சுற்ற முடியாது, அதனால் கை கண்லென்சைக் கால் சுற்று சுற்றியது. வலப்பக்கம் இருந்த புள்ளி உச்சிக்கு வந்தது. இன்னும் கால் சுற்று. இடப்பக்கம்.

நாடாவை அவிழ்த்துப் பாவாடையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, லென்சைக் கழற்றி ஊதினார். காலையில் அவரே தேய்த்த பித்தளைத் துகள், வெயிலில் மினுக்கிக்கொண்டு பறந்தது. திரும்ப மாட்டிப் பார்த்தார். சூரியன் சுத்தமாக இருந்தது.

அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். யாருக்குத் தெரியும்? மூன்று பேரும் பார்த்தாயிற்று, மூன்று பேரும் ஒப்புக்கொண்டாயிற்று. துகளும் போய்விட்டது. கம்மென்று இருந்தால் மகள் இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் இருப்பாள். ஆமாம், அதுதான் விஷயம். ஆறு பேரின் காதும் பஜ்ஜியும் பரவாயில்லையும் அதற்குத்தான். அது அவருக்கே அப்போதுதான் உறைத்தது, உறைத்தும் எழுந்திருக்கவில்லை. கீழே ஒரு கரி வண்டி வந்து, அத்தனை பெட்டியும் ஓடி முடிகிற வரைக்கும் சொல்லாமல் விட்டுவிடுவது என்றேதான் உட்கார்ந்திருந்தார்.

வண்டிச் சத்தம் அடங்கியதும் கீழேயிருந்து ஈஸ்வரியின் குரல் கேட்டது. “ம்மா, நைனா வெயில்லயே கீது. மோர் குடு, நான் எடுத்துக்கினு போறேன்.”

அவர் விருட்டென்று எழுந்தார். பாவாடையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட மறந்து தடதடவென்று இறங்கினார். ஈஸ்வரி மோர்ச் சொம்போடு படியடியில் நின்றாள். குணா வாசற்படியில் குனிந்து ஷூ லேசைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“அது சூரியன்ல இல்லம்மா. என் கொழாயில. பித்தளத் தூசு,” என்றார்.

அவர் குணா பக்கம் திரும்பினார். “நீ பார்த்தப்ப லென்ஸ சுத்துனியா?”

“சுத்துனேன் சார்.”

“தூசுன்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது சார்.”

ஈஸ்வரி சொம்பை நங்கென்று வைத்தாள். “தெரிஞ்சும் கம்முனு எறங்கி வந்தியா? என்ன உட்டுட்டு ஷூ மாட்டிக்கினு கெளம்பிட்டியா?”

“கெளம்பல ஈஸ்வரி, மாட்டிக்கினே இருந்தேன்,” என்றான் குணா பரிதாபமாக. “தூசுன்னு நான் சொன்னா, பொண்ணுக்காவ சொல்றான்னு சார் நெனப்பாரு. தக்காளியக் கூட கால் சுத்து சுத்திப் பார்க்கற மனுசன்னு நீதான ட்ரெய்ன்ல சொல்லுவ? எப்படியும் சுத்திப் பார்ப்பாரு, பார்த்தா வந்து சொல்லிடுவாருன்னு தெரியும். இந்த லேச நாலு தபா அவுத்து அவுத்து கட்டிட்டேன்.”

குப்பம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ஆதிநாராயணனுக்குச் சிரிப்பு வரவில்லை.

“நீ நெனச்ச ஆளு நான் இல்லப்பா,” என்றார். “சொல்லாம உட்டுடலாம்னுதான் இம்மா நேரம் மேல குந்திக்கினு இருந்தேன்.”

ஈஸ்வரி அப்பாவையே பார்த்தாள். குணா லேசை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

“அதான் எறங்கி வந்துட்டீங்களே மாமா.”

அதுவரை அவன் அவரை மாமா என்று கூப்பிட்டதில்லை. ஆதிநாராயணன் கழுத்தில் கிடந்த பாவாடையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“ஷூவக் கழட்டு, சாப்ட்டு போலாம்,” என்றார். “உங்க ஊட்டுப் பெரியவங்கள எப்ப கூட்டினு வர்ற?”