கந்தசாமிக்காக முகர்ந்து பார்த்தவன்

புதன்கிழமை காலை கம்பெனியில் பனியன் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது, சலவைப்பட்டறை கந்தசாமி நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று சொன்னார்கள். கத்தரியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. அவரோடு பழகிய உங்கள் எல்லோரிடமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான்கு மாதமாக நான் அவர் வீட்டுப் படி ஏறவில்லை.

இருபது வருஷம் ப்ளீச்சிங் பவுடருக்கு நடுவில் நின்றவர் அவர். மூக்கு செத்துப்போயிருந்தது. மல்லிகைப் பூவும் சாக்கடையும் அவருக்கு ஒன்றுதான். மதுவிலக்கை எடுத்த பிறகு, காதர்பேட்டைச் சந்தைக்குப் பனியன் வாங்க வந்த பம்பாய் வியாபாரி ஒருவர் அவருக்கு ஒரு வோட்கா பாட்டில் கொடுத்தார். அதில் தொடங்கியது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் இருவரும் சேர்ந்து குடிக்கும் பழக்கம். ஆளுக்கு ஒரு டம்ளர், அதற்குமேல் அவர் தரமாட்டார்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. அரை எலுமிச்சம்பழம், இரண்டு கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு மூடி வோட்கா, மேலே கோலி சோடா. கடைசியில் எலுமிச்சைத் தோலை டம்ளர் விளிம்பில் தேய்த்து என்னிடம் நீட்டுவார்.

"மணக்குதுங்களா மாப்ளே?"

"கும்முனு இருக்குதுங்க மச்சான்."

அதைக் கேட்ட பிறகுதான் தன் டம்ளரைத் தொடுவார். "நாக்கு என்னுது, மூக்கு உங்களுது. ரெண்டும் சேந்தாத்தானுங்க ருசி" என்பார்.

வேட்டி வெளுக்க ப்ளீச்சிங் தண்ணீரைக் காலி பாட்டிலில் வீட்டுக்குக் கொண்டுவருவது பட்டறைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வோட்காவுக்குப் பதிலாக அவர் கை அந்தப் பாட்டிலுக்குப் போய்விட்டது. டம்ளரை மூக்கருகே கொண்டுபோனதும் நெடி குப்பென்று ஏறியது. "என்னைக் கொல்லப் பாத்தீங்களா?" என்று அவர் மனைவி எதிரிலேயே கத்திவிட்டு வந்துவிட்டேன். அவர் டம்ளரிலும் அதையேதான் ஊற்றியிருந்தார். அது அன்றைக்கு என் புத்தியில் ஏறவில்லை.

கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. பிறகு இருந்தது வெறும் வீம்பு. அவரே வந்து கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டேன்.

துக்கத்துக்குப் போனபோது அவர் மனைவி என்னைத் திட்டவில்லை. "நீங்க போன நாள்ல இருந்து எதையும் அப்பிடியே வாயில வெக்கமாட்டாருங்கண்ணா. காப்பி, கொழம்பு, குடிக்கற தண்ணிகூட. மோந்து பாத்துச் சொல்லு சொல்லுன்னு எங்கிட்ட நீட்டுவாருங்க. அத்தன பயந்துட்டாருங்க" என்று சொல்லி அழுதார்.

தண்ணீர்ச் சொம்பை மனைவியிடம் நீட்டிக்கொண்டு நிற்கும் கந்தசாமியை நான் பார்த்ததில்லை. ஆனாலும் இனி என்னோடு இருக்கப்போகிறவர் அவர்தான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இரண்டே தெரு. போயிருக்கலாம்.