நனைந்திருந்த ஆட்டுத்தோல்

நான் வளர்த்த பிள்ளையைக் கேட்டு அதன் சொந்தத் தகப்பன் என் வாசலில் வந்து நின்றார். கொடுக்கவும் என்னால் முடியவில்லை, கொடுக்க மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. 1959ஆம் வருஷம் மார்கழி மாதம் நான் பட்ட அந்தப் பாட்டையும், அதிலே ஆண்டவர் தம்முடைய சித்தத்தை எனக்குக் காட்டின விதத்தையும் விசுவாசிகளாகிய உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குத் திண்டுக்கல்லில் வீடு. என் வீட்டுக்காரர் பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் தோல் பதனிடுகிற வேலை பார்த்தார். கல்யாணமாகிப் பல வருஷம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு தரம் உண்டாகியும் தங்கவில்லை. கோயிலில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன்.

1957 ஐப்பசியில் என் கொழுந்தனார் ஆசீருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெற்ற தாய் ஒரு வாரத்தில் ஜன்னி கண்டு இறந்துபோனாள். அவர் குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காட்டில் கடலை போட்டு, நாலு ஆடு வளர்த்துப் பிழைக்கிறவர். வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆள் கிடையாது. பழைய சேலையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "மதினி, இனிமே இதுக்கு நீங்கதான்" என்றார்.

கிருபா என்று பேர் வைத்தோம். பாலைச் சங்கில் புகட்டி வளர்த்தேன். அவளுக்குத் தூக்கம் வந்தால் என் காது மடலைப் பிடித்துக்கொள்வாள். கையை எடுத்துவிட்டால் விழித்து அழுவாள். சில நாள் காது சிவந்து வலிக்கும். அந்த வலி எனக்கு வேண்டியிருந்தது. அவள் முதல் முதல் அம்மா என்று கூப்பிட்டது என்னைத்தான்.

ஆசீர் அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு கொண்டுவருகிற வாரமெல்லாம், விற்று முடித்து, அப்படியே பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவார். துண்டில் வறுத்த கடலை முடிந்திருக்கும். பிள்ளை என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கையை மட்டும் நீட்டும். அவருக்கு அவள் வைத்த பேர் கடலை மாமா. எனக்கு அது சிரிப்பாக இருக்கும். அவரும் சிரிப்பார். செத்த நேரம் இருந்து, பிள்ளை தின்று போட்ட கடலைத் தோட்டை எல்லாம் பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டு போவார். சுத்தம் பார்க்கிற மனுஷன் என்று நினைத்துக்கொள்வேன்.

59இல் அவர் வத்தலக்குண்டில் சொர்ணம் என்கிற பெண்ணை இரண்டாந்தாரமாகக் கட்டினார். அந்த மார்கழியில் ஒரு நாள் கடலை இல்லாமல் வெறுங்கையோடு வந்தார்.

"மதினி, இப்ப வீட்ல ஆள் இருக்கு. புள்ளயக் கூட்டிட்டுப் போகலாம்னு ஒரு நெனப்பு. ஆனா நீங்க வளத்த புள்ள. நீங்க என்ன சொல்றீகளோ அதுதான். பொங்க கழிச்சு வாரேன், அப்பச் சொல்லுங்க."

அவர் சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். முடிவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனதுதான் என்னைக் கொன்றது.

சங்கதி குழாயடிக்குப் போய்விட்டது. "ஏத்தா, எரவ நகையத் திருப்பிக் கேட்டு வந்துட்டாகளாமே?" என்று ஒருத்தி. "மாத்தாந்தாய் கையால சோறு திங்கவா அனுப்பப் போற?" என்று இன்னொருத்தி. முதல் பேச்சு சுட்டது. இரண்டாவது பேச்சு குடத்தோடு என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நான் எதச் சொன்னாலும் எந் தம்பிக்குச் சொன்னதாப் போயிரும். நீ ஜெபம் பண்ணிச் சொல்லு" என்றார்.

ஜெபம் பண்ணினேன். உம்முடைய சித்தம் என்ன என்று வாய் கேட்கும். இவளை என்னிடமே விட்டுவிடும் என்று மனசு அதற்குள்ளே அழும். ஒரு பதிலும் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர், களத்திலே ஆட்டுத்தோலை விரித்து ஆண்டவரிடம் அடையாளம் கேட்டவருடைய சரித்திரத்தைப் பிரசங்கித்தார். இராப்பனியில் தோல் மட்டும் நனைந்து, தரை காய்ந்திருந்த அந்த வேதாகமச் சங்கதி உங்களுக்குத் தெரியும். எனக்கென்றே சொன்னது போலிருந்தது. மற்றவர்கள் தோலுக்கு எங்கே போவார்கள்? எங்கள் வீட்டில் அதற்குத்தான் பஞ்சமில்லையே.

"மயிர் போக்காத ஆட்டுத்தோல் ஒண்ணு வேணும்" என்றேன்.

"எதுக்கு?"

"உக்கார."

என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவரும் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டவர்தான். மறுநாள் ஷாப்பில், கிழிசல் விழுந்ததென்று தள்ளின தோல் ஒன்றைச் சொல்லிக் கேட்டு வாங்கிவந்தார்.

பொழுது சாய்ந்ததும் முற்றத்தில் விரித்தேன். தோல் நனைந்து தரை காய்ந்திருந்தால் பிள்ளை எனக்கு என்று சொல்லி ஜெபித்தேன். விடிந்ததும் போய்ப் பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது. தோலை அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் வந்தது. அங்கேயே முழங்காலில் விழுந்து ஸ்தோத்திரம் பண்ணினேன். அன்றைக்குப் பணியாரம் சுட்டேன். வாயில் பாட்டு. என் வீட்டுக்காரர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

மறுநாள் சாயங்காலம், ஆசீருக்குச் சொல்லி அனுப்பிவிடுங்கள் என்று நான் சொன்ன பிறகுதான் வாய் திறந்தார்.

"ஏ புள்ள, அது உப்புப் போட்ட தோலு. பனிக்காலத்துல உப்பு ஈரம் இழுக்கும். ஷாப்புல அடுக்கி வச்சிருக்கிற அம்புட்டும் காலையில வேர்த்துத்தான் கெடக்கும்."

"நேத்தே சொல்றதுக்கு என்ன?"

"உம் மொகத்த அப்பிடிப் பாத்து எம்புட்டு நாளாச்சு. சொல்ல வாய் வரல."

எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. "சரி, உப்பு போக அலசிட்டு இன்னொரு தரம் போடுறேன்" என்றேன்.

"அலசிப் போடு. அது காஞ்சு கெடந்தா புள்ளயக் குடுத்துருவியா?"

காய்ந்து கிடந்தால் மூன்றாம் தரம் போட்டிருப்பேன். நனைகிற வரைக்கும் போட்டுக்கொண்டே இருந்திருப்பேன். நான் இத்தனை நாளும் ஆண்டவருடைய சித்தத்தைக் கேட்கவேயில்லை, என் சித்தத்துக்கு அவரைச் சம்மதிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்று முதல் ஜெபத்தை மாற்றினேன். "ஆண்டவரே, உமக்குப் பிரியமானதைச் செய்ய எனக்கு மனசு இல்லை. அந்த மனசை நீரே தாரும்" என்று மட்டும் சொல்வேன். சொல்லச் சொல்ல, எத்தனையோ தரம் பார்த்தும் பாராமல் விட்டதெல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒரு நாள் வாசல் பெருக்கும்போது ஒரு கடலைத் தோடு அகப்பட்டது. அதைக் கையில் எடுத்ததும், ஆசீர் அதையெல்லாம் ஏன் பொறுக்கிக்கொண்டு போனார் என்று எனக்கு விளங்கிவிட்டது. தன் பிள்ளை வாயில் வைத்ததையாவது வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். பெற்ற பிள்ளை மாமா என்று கூப்பிட, அதற்கும் சிரித்திருக்கிறார். விளக்குமாற்றோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனாலும் பயம் போகவில்லை. அவள் தூங்கும்போது எதைத் தேடுவாள் என்று அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? ஒன்றே ஒன்று கேட்டேன். போகிற இடத்தில் இவள் மனசு அறிகிற ஒரு ஆள் வேண்டும் ஆண்டவரே என்று. இதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

பொங்கல் கழிந்து இரண்டு பேரும் வந்தார்கள். சொர்ணம் பிள்ளையைத் தூக்க வரவில்லை. மிட்டாய் காட்டிக் கூப்பிடவும் இல்லை. அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். பிறகு தலை நிமிராமல் கேட்டாள்.

"அக்கா, இவ தூங்கும்போது எதப் புடிச்சுக்கிட்டுத் தூங்குவா?"

என் கை நின்றுவிட்டது. "உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. நானும் பெத்தவ இல்லாம வளந்தவதான். எங்க சித்தி முந்தானையப் புடிச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும். அவுக ஒரு நாளும் உதறுனதில்ல. அதான் கேட்டேன்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

"நான் கொஞ்ச நாள் இங்கனயே இருக்கட்டுமாக்கா? அவ எங்கிட்ட வந்த பெறகு போறோம். காட்ட அவுக பாத்துக்கிருவாக" என்றாள். இரு தாயி என்றேன். நான் சொன்ன முடிவு அந்த இரண்டு வார்த்தைதான். சொன்ன பிறகு மனசில் ஒரு அமைதி வந்தது. அந்த நனைந்த தோல் கொடுத்த சந்தோஷம் மாதிரி அது குதிக்கவில்லை. ஆனால் மறுநாளும் இருந்தது, அதற்கு மறுநாளும் இருந்தது.

மாசி பிறக்கிற சமயம். ஒரு மத்தியானம் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தேன். பிள்ளை சொர்ணத்தின் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். சொர்ணம் அசையாமல் கண்ணால் மட்டும் என்னைப் பார்த்தாள். நான் குடத்தைச் சத்தமில்லாமல் இறக்கிவைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய் அழுதேன். அழுதுகொண்டே ஸ்தோத்திரமும் சொன்னேன்.

அந்தத் தோலை என் வீட்டுக்காரர் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டு, வார் பிடித்து, பிள்ளைக்குச் சின்னச் செருப்பு தைக்கக் கொடுத்திருந்தார். ஊருக்குப் புறப்பட்ட அன்று அதைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பஸ்ஸுக்குள் போய் உட்கார்ந்து, "அம்மா, நீயும் ஏறு" என்றாள். பஸ் கிளம்பினது மட்டும் ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

உயிர்த்தெழுந்த பண்டிகைக்குக் கூட்டிவந்தார்கள். துண்டு முடிச்சை என்னிடம் நீட்டி, "அப்பா உனக்குக் கடலை குடுத்தாரு" என்றாள். வாசலில் நின்ற ஆசீரின் முகத்தை அன்றைக்கு நான் பார்த்தேன். அந்த முகத்தை அத்தனை நாள் மறைத்துவைத்திருந்தது என் ஆசைதான்.

இப்போது 1968. கிருபா பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், கீழே இரண்டு தம்பிமார். ஆண்டவர் எனக்குச் சொந்தப் பிள்ளை தரவில்லை. அந்த ஏக்கம் போய்விட்டது என்று சாட்சி சொன்னால் அது பொய். ஆனால் அதை அவரிடம் ஒளிக்காமல் சொல்லக் கற்றுக்கொண்டேன். எந்தக் காரியமானாலும் இப்போது அவரிடம் முதலில் கீழ்ப்படிகிற மனசைத்தான் கேட்கிறேன், பிறகுதான் வழியைக் கேட்கிறேன்.

மகனைத் தூர தேசத்து வேலைக்கு அனுப்பவா, மகளை இந்த இடத்தில் கொடுக்கவா என்று கலங்கி ஆண்டவரிடம் அடையாளம் கேட்டுக்கொண்டிருக்கிற பிரியமானவர்களே, கேளுங்கள், அவர் கோபிக்கிறவர் அல்ல. ஆனால் தோலை விரிக்கிறதற்கு முன்னே, அது காய்ந்து கிடந்தாலும் கீழ்ப்படிவேனா என்று உங்களையே ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்று தோன்றினால் அதையே அவரிடம் சொல்லுங்கள். எனக்கு இரங்கினவர் உங்களுக்கும் இரங்குவார்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு கிருபா வருவாள். நாலு பேர் முன்னால் பெரியம்மா என்பாள். சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் படுத்தால், பேசிக்கொண்டே இருக்கும்போது அவள் கை தானாக என் காதுக்கு வரும். நான் அசையாமல் படுத்திருப்பேன்.